சட்டை நுனியைப் பிடித்தவளுக்கு

அன்புள்ள கோச் அம்மாவுக்கு,

முதலில் செய்தி. உங்கள் தலைமைப் பயிற்சியாளர், நாமெல்லாம் இடி என்று கூப்பிடுகிறவர், ஓய்வு பெறுகிறார். இந்தப் பருவத்தோடு சரி. சொன்னது அவரே. நேற்று மாலை உள்ளரங்கத்தின் பின்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். இன்று காலை கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்குப் போய்க் கண்காணிப்பாளர் அம்மாவிடம் கேட்டேன். கடிதம் வந்துவிட்டது, முதல்வரும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார். ஆக, கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் புதிதாக ஒரு தலைமைப் பயிற்சியாளர் வேண்டும். விளம்பரமும் போட்டாயிற்று.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, இது வெறும் வதந்தியாக இருந்தபோது, இந்தப் பேச்சை எடுத்ததுமே, "அந்தக் கதையே வேணாம், நான் உக்காந்தே பழகிட்டேன்" என்று சொல்லிவிட்டு, துணியெல்லாம் காய்ந்ததா என்று கேட்க ஆரம்பித்துவிட்டாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. நீ போயிருக்கிற ஜூனியர் அணி முகாமுக்கு நாளை கிளம்பும் பிசியோதெரபி டாக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை அவர். படித்தாலும் குடி முழுகிவிடாது.

துணி காய்ந்தது. நீ ஊறவைத்துவிட்டுப் போன பயிற்சி பனியன்களைத் துவைத்து மடித்து, அணி மேலாளரிடம் சேர்த்துவிட்டேன். ஏழாம் எண் பனியனில் தையல் விட்டிருந்தது. அதையும் தைத்தேன், கோணலாக. மகள் அறிவியல் தேர்வை நன்றாக எழுதியதாகச் சொல்கிறாள். இது அவள் சொன்னது மட்டும்தான், வேறு யாரும் உறுதி செய்யவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று எரிச்சல்படாதே. நீ பார்த்தது பெஞ்சிலிருந்து. நான் பார்த்தது உங்கள் பெஞ்சுக்குப் பின்னால், கேலரியின் மூன்றாம் வரிசையிலிருந்து.

ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளர்களில் ஒருவர்தான் நிற்கலாம் என்பது விதி. ஒன்பது வருடமாக நின்றவர் இடி. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நீ. நின்றதோடு அவர் விட்டாரா? எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடுவார், நடுவரிடம் எகிறுவார். அதனால் உன் வேலைகளில் ஒன்று, இடது கையால் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பது. எதிரணியின் ஆட்டங்களை வாரக்கணக்கில் பார்த்து ஆராய்வது நீ. கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது நீ. பெண்ணை விளையாட அனுப்ப மாட்டேன் என்ற அப்பாக்களின் வீடுகளுக்குப் போய்ப் பேசிக் கூட்டிவந்ததும் நீதான். ஆனால் கேலரியில் எல்லோருக்கும் உன்னைத் தெரிவது சட்டையைப் பிடிக்கிற அம்மாவாகத்தான்.

போன பருவத்து அரையிறுதி. மூன்றாவது கால்பகுதியில், மாற்றாக இறங்கப்போகிற பெண்ணுக்கு எப்படி மறிப்பது என்று இரண்டு கையாலும் காட்டிக்கொண்டிருந்தாய். சட்டை நுனி விட்டுப்போனது. இடி நேராக ஆடுகளத்துக்குள் போய், நடுவருக்குக் கண் மருத்துவர் யார் என்று விசாரித்தார். அது அவருக்கு இரண்டாவது டெக்னிக்கல் ஃபவுல். உடை மாற்றும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இனி நீதான் என்று அரங்கமே காத்திருந்தது. நீ எழுந்திருக்கவில்லை. வழக்கம்போலப் பக்கத்தில் சாய்ந்து, "ரெண்டாம் நம்பரை மறிக்கச் சொல்லுங்க சார்" என்று ஆளில்லாத இடத்திடம் சொன்னாய். என் வரிசை வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே போனது. பிறகு நடுவரே வந்து, "மேடம், இப்ப நீங்கதான். எந்திரிச்சு நிக்கலாம்" என்றார். யாரோ சிரித்தார்கள். நீ எழுந்தாய். ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நீ சொன்னது இது: "சட்டையை விட்டேன், சார் போனார். எந்திரிக்கத் தெரியல, மேட்ச் போச்சு." நல்லாத்தானே செய்தாய் என்றேன். "நீங்க சொல்லாம வேற யாரு சொல்லுவா" என்றாய். நியாயம். கணவன் சாட்சி செல்லாது. அதனால் இந்தச் சில நாட்களில் செல்லக்கூடிய சாட்சிகளைத் தேடிப் போனேன்.

நடுவர் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார். விதிப்படி நடந்தது என்றார். கண் மருத்துவர் பற்றிக் கேட்டதற்கும் அதே பதில்.

அடுத்து கேப்டன். விடுதி வாசலில் பிடித்தேன். இடி போனபிறகு மேடம் உட்கார்ந்தே இருந்தார்களே, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். "என்ன சார், வீட்லயே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா? இடி சார் கத்தறது ஊருக்கு. எங்களுக்கு மேடத்தோட கைதான்" என்றாள்.

உன் வலது கை முழங்கால்மேல் இருக்குமாம். முஷ்டி பிடித்தால் பகுதிக் காவல், ஆளைத் துரத்தாமல் அவரவர் இடத்தைக் காப்பது. இரண்டு விரல் நீட்டினால் நெட்டைப் பெண்ணுக்குப் பந்து. விரித்துக் கவிழ்த்தால், அவசரப்படாதே. நீ சொல்லிக்கொடுக்கவில்லையாம். பயிற்சியில் இடியிடம் கிசுகிசுக்கும்போது உன் கை தானாக அப்படிப் போகும். அதைப் பார்த்துப் பார்த்து அவர்களே படித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வருடமும் மூத்தவர்கள் புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தானாம்.

"சார் வெளிய போனதும் சத்தம்தான் கொறஞ்சுது. வேற ஒண்ணும் மாறல. அவங்க உக்காந்திருந்தப்போ நாங்க பின்தங்கினதுல பாதியைப் புடிச்சிட்டோம்" என்றாள். பிறகு எப்படித் தோற்றீர்கள் என்றேன். "கடைசிப் பந்து நான் போட்டது. வளையத்தைச் சுத்திட்டு வெளிய வந்துச்சு. அதையும் மேடம் தன் தலையிலயே போட்டுக்கிட்டாங்களா?"

உனக்குப் பாதகமாக அவள் சொன்னதையும் எழுதவேண்டும். நடுவர் சொல்லி எழுந்து நின்றதும் நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாயாம், பள்ளிக்கூடக் காலை வணக்கத்துக்கு நிற்கிறமாதிரி. "அப்பதான் சார் கொஞ்சம் தடுமாறினோம். எங்க பாக்கறதுன்னே தெரியல." ஆக அன்றைக்கு நீ செய்த தவறு உட்கார்ந்திருந்தது இல்லை. கையை மறைத்தது. ஒரு நாள் பயிற்சியில் திருத்திவிடக்கூடிய தவறு.

மூன்றாவது சாட்சி இடி. கையைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? ஒரு தடவை நான் ஒண்ணு கத்தினேன், பொண்ணுங்க வேற ஒண்ணு ஆடி ஜெயிச்சிட்டாங்க. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு திரும்பிப் பாத்தேன். உங்க வீட்டம்மா பூனைமாதிரி உக்காந்திருக்காங்க, கை மட்டும் பேசிட்டிருக்கு. ஜெயிச்சதுக்கப்புறம் சண்டை போடவா முடியும்?" என்றார். சட்டையைப் பற்றியும் கேட்டேன். "புடிச்சிருந்தா சட்டை கிழிஞ்சிருக்கும். நான் போயிருப்பேன்" என்றார்.

அரையிறுதியின் மிச்சத்தை அவர் உடை மாற்றும் அறையிலிருந்து கேட்டிருக்கிறார். "சுவத்துக்கு அந்தப்பக்கம் பந்து தட்டற சத்தம் கேட்டுது. பதறின டீமோட சத்தம் எனக்குத் தெரியும். அது அப்படி இல்ல. நிதானமா இருந்துச்சு. அன்னிக்குத்தான் வீட்டுக்குப் போகலாம்னு முடிவு பண்ணேன்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர் மாதிரி சொன்னார்.

இன்னொன்று. ஒன்பது வருடத்துக்கு முன் இதே பதவிக்கு நீ போனபோது, "குரல் மைதானத்தைத் தாண்டாது" என்று சொல்லி உதவிப் பயிற்சியாளர் நாற்காலியைக் கொடுத்தார்கள். இந்தத் தடவையும் முதல்வர் இடியிடம் அதையே கேட்டிருக்கிறார், அந்தம்மாவுக்குக் குரல் போதுமா என்று. அவர் சொன்ன பதில்: "ஒம்போது வருஷமா என் வாயில பேசினது யாருன்னு நெனச்சீங்க?" இதைக் கண்காணிப்பாளர் அம்மாவிடமும் சரிபார்த்தேன். கதவு சாத்தியிருந்தும் கேட்டது என்றார். இடி ஆயிற்றே.

உறுதியாகாததையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து நகரத்துக் கல்லூரிக்காரர் விண்ணப்பித்திருக்கிறார். அது உறுதி. தேர்வுக் குழுவில் ஒருவர் அவர் பக்கம் சாய்கிறார் என்பது கேள்வி மட்டும். நல்ல பயிற்சியாளர், அவர் ஆட்டங்களைப் பற்றி நானே எழுதியிருக்கிறேன். ஆனால் நம் பெண்களுக்கு அவர் கையைப் படிக்கத் தெரியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா ஹெட் கோச் ஆனா வீட்டுல கத்துவாங்களா?" என்றாள். தெரியாது என்றேன். "கத்தினாக்கூட பரவால்லப்பா. அந்த ரெண்டு விரலைக் காட்டினாத்தான் பயமா இருக்கு" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முஷ்டி பிடித்தால் இங்கே டிவி நிற்கிறது. கையை விரித்துக் கவிழ்த்தால் நான் குரலைத் தாழ்த்துகிறேன். இந்த வீடும் இத்தனை வருடமாக அந்தக் கையில்தான் ஓடுகிறது.

பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்து உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி மறுபக்கம் இருந்திருக்கிறது. அடுத்த பருவத்திலிருந்து எதிர்க் கேலரிக்கு மாறுகிறேன். நீ எந்த நாற்காலியில் இருந்தாலும் மாறுகிறேன். ஆனால் நிற்கிறவளைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

உன் சார்பில் நான் எதையும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்று கண்காணிப்பாளர் அம்மா சொன்னார். முகாம் அலுவலகத்தில் கணினி இருக்கிறது. டாக்டர் புதன்கிழமை அங்கே வந்துசேருவார். அன்றைக்கு இதைப் படி. வியாழக்கிழமை முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிரு. உடம்பைப் பார்த்துக்கொள், அந்த முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க மறக்காதே, நன்றாக இரு.

உறுதியாகாதவை என்று குறித்தவை போக, மேலே உள்ளவை உறுதியானவை. தேர்வுக் குழு அடுத்த செவ்வாய்க்கிழமை கூடுகிறது. நிலுவையில் இருப்பது உன் விண்ணப்பம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் மூடுவதற்குள் அது வந்துசேரும் என்று இங்கே இரண்டு பேர் எதிர்பார்க்கிறோம். விடுதியில் பன்னிரண்டு பேர்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்துவிட்ட
உன் நிருபர்