பளபளத்த நண்டு

என் வீட்டு டீச்சரம்மா, நீ குளித்து முடிப்பதற்குள் கிளம்புகிறேன். இதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

நேற்று உன் அண்ணன் முன்னால், "நண்டை வேக வச்சே கரைச்சுட்டா, வாயில வச்சா ஒரே தண்ணி"ன்னு சொன்னேன் இல்லையா? தப்பு உன் அடுப்பில் இல்லை. இன்று காலையில் மீன்கார அக்காவிடம் போய் நியாயம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"பளபளன்னு இருக்கறதா நீங்கதானே பொறுக்கினீங்க? அது அப்பதான் பழைய ஓட்டைக் கழட்டியிருக்கும். புது ஓடு பெருசு, உள்ள இருக்கறது தண்ணி. சதை கெட்டிப்பட வாரக்கணக்கா ஆகும். பொண்ணு பாக்கற மாதிரி நண்டு பாக்காதீங்க தம்பி!"

பொறுக்கியது நான், பேச்சு வாங்கியது நீ.

இன்று அவரே எடுத்துக் கொடுத்த நாலு நண்டு பாத்திரம் கழுவும் தொட்டியில் இருக்கின்றன. ஓடெல்லாம் கீறலும் அழுக்கும். ஆனால் தூக்கினால் கனம், அடிவயிற்றை அழுத்தினால் அமுங்காது. கொடுக்கைக் கட்டிய கயிற்றை அவிழ்க்காதே, கடிக்கும். நான் வந்து சுத்தம் செய்கிறேன்.

மதியம் உன் அண்ணனை மறுபடி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். சொன்ன வாயாலேயே, அந்தப் பேச்சை அவர் முன்னால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

பி.கு.: வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

இன்னொன்று: இன்றைக்கு நானும் ஓடு கழற்றிய நண்டுதான். ரொம்ப அழுத்திப் பார்க்காதே.