லுச்சானாவில் செத்தவர்கள்

கொட்டாரம்
24 ஜூன் 1937

அன்பு மகன் யூஜினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகம் தெரியத்தான் தினமும் தபால்காரன் வரும் வழியைப் பார்க்கிறோம். பேச்சிப்பாறைத் தண்ணீர் வந்து நடவு முடிந்தது. தங்கச்சி சத்தியபாய்க்குப் பெண் பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் நலம். அம்மைக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. நீ ஏப்ரலில் எழுதியது போன வாரம்தான் கிடைத்தது. உணவு கொண்டுபோன உன் கப்பல் திரும்பிவிட்டது, நீ மட்டும், படித்த கம்பவுண்டர் படிப்பு உதவட்டும் என்று, பில்பாவோ ஆஸ்பத்திரியில் காயக்காரருக்குக் கட்டுப்போட நின்றுவிட்டாய். அதோடு, இந்த ஊர் விழாது, நீங்கள்தானே வகுப்பில் சொல்லித் தந்தீர்கள் என்று ஒரு வரி.

சொல்லித் தந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னே ஸ்பெயினில் சித்தப்பனும் அண்ணன் மகளும் ராஜ்யத்துக்கு அடித்துக்கொண்டார்கள், சித்தப்பன் படை பில்பாவோவை வளைத்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கொட்டும் பனியில் அண்ணன் மகளின் படை லுச்சானாப் பாலத்தைப் பிடித்து ஊரை மீட்டது என்று. கிறிஸ்துமஸ் வெற்றியாயிற்றே என்று பள்ளிக்கூட விழாவில் நாடகமாகவே போட்டேன். இலவம் பஞ்சைப் பனியாகத் தூவினோம். நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து வந்த தளபதி நீதான். ஆனால் மக்கா, பண்டிகை நாளில் மேடையில் பிணமாகக் கிடக்க எந்தப் பிள்ளையையும் வீட்டார் விடவில்லை, நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதனால் நம் சண்டையில் ஒருவனும் சாகவில்லை. நிஜத்தில் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், விடிந்தபோது பனியில் விறைத்துக் கிடந்தார்கள். புஸ்தகத்தில் இருந்தது. பரீட்சையில் கேட்க மாட்டார்கள் என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்ட மடையன் நான். இப்போது அங்கே நடக்கிற உள்நாட்டுச் சண்டையில் ஆகாயத்திலிருந்து குண்டு போடுகிறார்கள், அதற்கு எந்தப் பாலத்தைப் பிடிப்பார்கள்?

இவ்வளவும் எழுதி வைத்தபின் இன்று பேப்பர் வந்தது. சனிக்கிழமை பில்பாவோ விழுந்துவிட்டதாம். அம்மைக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் என் முகத்தை வாசித்துவிட்டாள். "நம்ம பிள்ள நிக்கிய ஊரு என்னாச்சு, சொல்லும்" என்று நின்றாள். விழுந்தது வேறே ஊர் என்றேன். அவள் நம்பவில்லை, நம்பினதுபோல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

யார் ஜெயித்தாலும் நமக்கு வேண்டாம், கிடைக்கிற கப்பலில் ஏறி வந்துவிடு. நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாததால் இதைக் கப்பல் கம்பெனி விலாசத்துக்கே அனுப்புகிறேன். ஆண்டவர் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். கடிதம் கிடைத்ததும் ஒரு கார்டு போட மறக்காதே. விஷயம் ஒன்றும் வேண்டாம், உன் கையால் விலாசம் எழுதியிருந்தால் போதும். வேறு யார் கையெழுத்திலாவது காகிதம் வந்தால் நான் அதைப் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு உன் அப்பா,
சா. முத்துநாயகம்