தேசிக்காய்த் தண்ணீர்

ஆசை அண்ணாவுக்கு,

நீங்கள் போன பிறகு இது இரண்டாவது சோளகக் காற்றுக் காலம். உங்கள் படகை இப்போது தலைமன்னாரில் வேறு ஒருவர் ஓட்டுகிறார். அம்மா அதைப் பார்க்கக் கரைக்குப் போவதில்லை. அண்ணியின் முகத்தையும் பார்ப்பதில்லை. அது என்னால் வந்த வினை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று மத்தியானம் நான் உங்கள் வீட்டில் நின்றேன். கடலால் வந்த நீங்கள் நேரே குசினிக்குப் போய், மேசையில் இருந்த சோடாப் போத்தலைத் தூக்கி ஒரு மிடறு குடித்தீர்கள். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் செய்வதற்காக அண்ணி கோஸ்டிக் சோடாவைக் கரைத்து, ஆறியதும் அதில் ஊற்றி வைத்திருந்தார். பார்வைக்கு வெறும் தண்ணீர். போத்தல் விழுந்த சத்தத்தில் திரும்பினேன். உங்கள் உதடு வெளிறிப்போயிருந்தது.

அண்ணி ஓட்டோ பிடிக்க வீதிக்கு ஓடினார். நான் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தவள். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும். அந்த ஒரு வரிதான் மனதில் வந்தது. கோஸ்டிக் காரம், தேசிக்காய் அமிலம். மூன்று காயைத் தண்ணீரில் பிழிந்து நீட்டினேன்.

“குடியுங்கோ அண்ணா, எரிவு நிண்டிடும். நான் படிச்சனான்.”

படித்தவள் சொன்னதால் குடித்தீர்கள்.

ஆய்வுகூடத்தில் காரத்தில் அமிலத்தைத் துளித்துளியாக விட்டபோது சோதனைக் குழாய் என் கையில் சுட்டது. இவை சேரும்போது வெப்பம் வெளிவரும் என்று கொப்பியில் எழுதியவளும் நான்தான். உங்கள் தொண்டையும் அப்படிச் சுடும் என்று ஏன் அந்த நேரம் தோன்றவில்லை? மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் இரத்தமாக வாந்தி எடுத்தீர்கள்.

“புளிப்பா ஏதும் குடுத்தனீங்களோ? இதுக்கு அப்பிடிக் குடுக்கக் கூடாது,” என்றார் டொக்டர்.

“இல்லை டொக்டர். ஒண்டும் குடுக்கேல்லை.”

கட்டிலில் கிடந்த நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பேச முடியவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். அது மன்னிப்பா அண்ணா, உண்மையைச் சொல் என்ற கெஞ்சலா? ஒன்பதாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். நான் கேட்கவேயில்லை.

பிறகு எல்லாம் அண்ணியின் தலையில் விழுந்தது. என் பிள்ளையைக் கொன்றவள் என்று செத்தவீட்டிலேயே அம்மா சொல்லிவிட்டார். அண்ணி உடுப்புகளை எடுத்துக்கொண்டு விடத்தல்தீவில் உள்ள தன் தாய்வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனாலும் முடியமுன் எழும்பிப் போய்விடுகிறாராம். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அண்ணியிடம் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தேசிக்காய்த் தண்ணீரையும் டொக்டரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு வெகுநேரம் கையைக் கழுவினார். அதைக் கொடுக்காவிட்டால் தப்பியிருப்பாரா என்று கேட்டார். குடித்த மிடறே உள்ளே எல்லாவற்றையும் எரித்திருக்கும், நான் கொடுத்தது அதைக் கூட்டியிருக்கலாம், எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்றேன்.

“போத்தலை வச்சது நான்தான். அது என்னோடை கிடக்கட்டும்,” என்றார். கத்தியைத் திரும்ப எடுத்தபடி, “எனக்குச் சொன்னது காணாது. மாமிக்குச் சொல்லு.”

அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்கு இனி நான் ஒருத்திதான் பிள்ளை. இன்று காலையும் சொல்ல வாயெடுத்தேன். மருந்தை எடுத்துத் தா என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதோடு போய்விட்டது. என்னையும் வெறுத்துவிட்டால் அம்மாவுக்கு யார் மருந்து கொடுப்பது? இது அம்மாவுக்காகப் பயமா, எனக்காகவா?

நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு விடத்தல்தீவுக்குப் பஸ் ஏறுகிறேன். எங்கே போகிறோம் என்று கேட்டவுடன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அம்மா பாதி வழியில் இறங்கினால் நானும் இறங்குவேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தால் பின்னாலேயே நடப்பேன். இனி மறைக்கமாட்டேன் அண்ணா.

நீங்கள் நம்பிய
தங்கச்சி