கிழியாத புத்தகம்

விவேக் நகர், பெங்களூர்
12.7.1999

மரியாதைக்குரிய வாப்பா அவர்களுக்கு,

தங்கள் மீது இறைவனின் அமைதி நிலவட்டும். மூட்டுவலி தணிந்ததா? நான் நலமே.

பள்ளி நூலகத்துக்கு வந்த நன்கொடைப் பெட்டியில், முக்காடிட்ட சிறுமி ஒருத்தி கல்யாண வீட்டில் தப்ஸ் கொட்டும் படக்கதை கிடைத்தது. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் மேசையில் தாளம் போட்டார்கள். மறுநாளே பெற்றோர் இருவர் புகார் அளித்தனர். ஒருவருக்கு அது மதப்பிரசாரம். நம்மவரான மற்றவருக்கோ இசையே ஆகாது.

தலைமையாசிரியை ஜோவிதா பதிவேட்டை நீட்டி, "கிழிஞ்சு போச்சுன்னு எழுதி எடுத்துடுங்க சகர்பானு. நமக்கேன் வம்பு? வேலை போயிடும்" என்றார். நானாகவே முயன்று கற்ற எழுத்தால் பொய் எழுத மனம் ஒப்பவில்லை. 'நல்ல நிலையில் உள்ளது' என்றெழுதிக் கையொப்பமிட்டேன். நாளை நிர்வாகக் குழு விசாரிக்கிறது. கவலை வேண்டாம்.

தாங்கள் தப்ஸ் வாசிப்பதைக் கேசட்டில் பதிந்து அனுப்புங்கள். என் அறை மிகவும் அமைதியாக இருக்கிறது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பதில் எழுதுமுன் நானே வாசலில் வந்து நின்றால், காரணம் கேளாமல் கதவைத் திறவுங்கள்.

தங்கள் மகள்,
சகர்பானு