இரண்டு பேர் நுழைகிற மேசை

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை நம் ஊரிலும் நிலம் ஆடியது. கல்யாணப் படம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன். படத்தில் நீங்கள் முறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், அதுவும் ஒரு காரணம்.

இங்கே யாருக்கும் இதெல்லாம் பழக்கமில்லையே. வாத்தியார் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார். இஸ்திரிக்காரர் சூடான பெட்டியோடு நின்றதால் அவரைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் இருந்தது. "அடுத்தது எப்ப வரும்?" என்று பஸ்ஸைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு, மத்தியானம் வரை ஒருத்தரும் உள்ளே போகவில்லை.

"ஆடுற தரையில நான் குடும்பம் நடத்த மாட்டேன்" என்று சொல்லித்தானே உங்களோடு அந்த நிலநடுக்க நாட்டுக்கு வராமல் இந்தத் தையல் மிஷினோடு உட்கார்ந்தேன். சிரிக்காதீர்கள். அங்கே ஆடும்போது என்னதான் செய்வீர்கள்?

உங்கள் வாயாடி

மார்ச் 15

வாயாடிக்கு,

சிரித்தேன். ரொட்டிக்கடையே திரும்பிப் பார்த்தது.

இங்கே யாரும் ஓடுவதில்லை. போன வாரம் ஆடியபோது எல்லோரும் மாவு பிசையும் மேசைக்கடியில் புகுந்தார்கள். நான் நம் ஊர்ப் புத்தியில் வாசலுக்குப் பாய, காலைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். "அடுப்ப அணைச்சாச்சா?" என்று முதலாளி கீழிருந்தே கேட்டார். ஆட்டம் நின்றதும் பக்கத்துக் கடைக்காரரை ஒரு குரல் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி மாவு பிசைந்தோம். அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

பயம் இல்லாமல் இல்லை. மேசைக்கடியில் முதலாளி என் கையை இறுகப் பிடித்திருந்தார். வெளியே வந்ததும் விட்டுவிட்டார்.

நான் கடையிலேயே படுத்துக்கொள்வதால், நீ வருவாய் என்று எடுத்த வீடு சும்மா கிடக்கிறது. மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன். வருகிறாய் என்றால் சொல், இரண்டு பேர் நுழைகிற மேசையாக வாங்குகிறேன்.

உன் ரொட்டிக்காரன்

மார்ச் 24

ரொட்டிக்காரருக்கு,

வீட்டைக் கொடுத்துவிடாதீர்கள். வருகிறேன்.

அன்றைக்குத் தெருவில் இஸ்திரிக்காரரைத் தவிர எல்லோரும் யார் கையையாவது பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாத்தியார்கூட, பேச்சுவார்த்தை இல்லாத தன் சம்சாரத்தின் கையை. நான் தலையணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன கடிதத்தில் இதை எழுதக் கை வரவில்லை.

மேசை பெரிதாகவே இருக்கட்டும். நீங்கள் பார்த்துவிட்டுப் போன உடம்பு இல்லை இது.

உங்கள் வாயாடி

பின்குறிப்பு: அங்கே வந்து மானம் போகக் கூடாதென்று, துணி வெட்டும் மேசைக்கடியில் புகுந்து பழகிப் பார்த்தேன். புகுந்தது நல்லபடியாக முடிந்தது. வெளியே வருவதற்கு வாத்தியாரும் இஸ்திரிக்காரரும் தேவைப்பட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மேசைக்கு இப்போது மூன்று கால்.