என் பெயரை நானே நீக்கிய ஃபோல்டர்

9.2.2004 திங்கள்

டெஸ்பேட்ச் ஆட்கள் மறுபடியும் ஸ்டாக் ஃபைலை இழுத்து வேறு எங்கோ போட்டுவிட்டார்கள். காணோம் காணோம் என்று காலையிலேயே என் உயிரை எடுத்தார்கள். தேடிக் கொடுத்துவிட்டு, அவர்கள் கம்ப்யூட்டருக்குப் படிக்க மட்டும் பெர்மிஷன் கொடுத்தேன். இனி பார்க்கலாம், கை வைக்க முடியாது. பீங்கானில் ஃப்யூஸ் கட்டை செய்கிற கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது என்றால் பாதி நேரம் இந்தக் காவல் வேலைதான்.

மத்தியானம் மேனேஜர் கோகுலகிருஷ்ணன் சார் கூப்பிட்டார். சர்வரில் "மெடிக்கல்" என்று புதிதாக ஒரு ஃபோல்டர் வேண்டுமாம்.

"என்னத் தவிர யாரும் தொறக்கக் கூடாதும்மா."

"சரிங்க சார்."

"நீயும்தான்."

அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. திறக்கக்கூடியவர்கள் பட்டியலிலிருந்து அந்தப் பெயரையும் எடுத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். ஆக்சஸ் டினைடு. என்னையே வெளியே நிறுத்திவிட்டேன். வேலை சுத்தமாக முடிந்ததில் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

12.2.2004

கம்பெனிக்கு எக்ஸ்ரே வண்டி வந்தது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பார்ட்டி அடுத்த மாசம் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் ஆட்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டுமாம். கல் அரைக்கிற மில் ஆட்கள் முதலில். என் வீட்டுக்காரர் ராஜவேலும் மில்தான். சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இவ்வளவு இளைத்திருக்கிறாரா? தினமும் வீட்டில் பார்க்கிற உடம்புதானே, எனக்கு ஏன் தெரியவில்லை?

20.2.2004

ரிப்போர்ட் ஒரு சி.டி.யில் வந்தது. சார் என்னிடம் கொடுக்காமல் அவரே உட்கார்ந்து சர்வரில் ஏற்றினார். ஒரு காப்பி எடுக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறவர். சாயந்திரம் மில் வாசலில் நின்று, "எல்லாருக்கும் நார்மல், வேலையப் பாருங்க" என்றாராம்.

என் வீட்டுக்காரர் வந்து சந்தோஷமாகச் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் நார்மல் என்றால் எதுக்குப் பூட்டு? அதுவும் என் கையாலேயே?

23.2.2004

இவருக்கு இன்றைக்கு இருமல் ஜாஸ்தி. கேட்டால், கல்லு மாவு தொண்டைக்குள்ள போயிட்டுதாம்.

26.2.2004

அந்த ஃபோல்டரைத் திறக்க வழி இருக்கிறது. அதை எழுதவே கை கூசுகிறது.

பெர்மிஷன் இல்லாவிட்டாலும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஒரு ஃபோல்டரைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓனர் ஆகிவிட்டால் உள்ளே போகலாம். ஆனால் ஓனர் என்கிற இடத்தில் என் பேர் ஏறிவிடும். எங்கள் சர்வரில் எடுத்துக்கொள்ளத்தான் முடியும், சார் பேரைத் திரும்ப அங்கே வைக்க முடியாது. யார் பார்த்தாலும் நான் நுழைந்தது தெரியும். மாட்டினால் எனக்கு மட்டுமா வேலை போகும்? இரண்டு பேரும் ஒரே கம்பெனி.

இவரிடம் கேட்டேன்.

"பாக்காத மதி."

"ஏங்க?"

"நோவு இருக்குதுன்னு தெரிஞ்சா என்னா பண்ணுவ? மில்ல வுட்டா எனக்கு என்னா தெரியும்? தெரியாம இருந்தா தூக்கமாச்சும் வரும்."

"எனக்கு வரலீங்களே."

 செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் நெஞ்சு, அவர் வேண்டாம் என்கிறார். அப்புறம் நான் யார் பார்க்க? பெண்டாட்டி என்றால் பார்க்கலாமா?

6.3.2004

மாசி மகம். ஊரே ஆற்றங்கரையில். கூட்டத்தில் இவருக்கு மூச்சு முட்டுமோ என்று நான்தான் வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டு தனியாகப் போனார். பொரியும் பேரீச்சம்பழமுமாக நன்றாகத்தான் திரும்பி வந்தார். நான்தான் வீட்டில் உட்கார்ந்து செத்துப் பிழைத்தேன்.

9.3.2004

பக்கிரி அண்ணன் மில்லில் மூட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவரோடு ஜோடியாக மூட்டை தூக்குகிறவர். வேப்பமரத்தடியில் கொண்டுவந்து போட்டார்கள். வாயைத் திறந்து திறந்து மூடினார், காற்று உள்ளே போகவில்லை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அவர் சம்சாரம் கனகா அக்கா ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி வந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டது.

"நீ ஆபீஸுல இருக்குற. அந்த எக்ஸ்ரேல என்னா இருந்துதுன்னு கேட்டுச் சொல்லேன் தங்கச்சி."

"எல்லாம் நார்மல்னுதான் சொன்னாங்கக்கா."

என் வாய்தான் சொன்னது. ச்சே.

10.3.2004

பார்த்துவிட்டேன்.

சார் கடலூருக்குப் போயிருந்தார். ஆபீஸில் நான் மட்டும். ஓனர் பக்கத்துக்குப் போய் என் பேரைத் தொட்டேன். பழைய பெர்மிஷன் எல்லாம் அழிந்துபோகும், பரவாயில்லையா என்று கேட்டது. பரவாயில்லையா என்று என்னைக் கேட்டால்? எஸ் அமுக்கினேன். கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

ராஜவேல் – நார்மல். பேரும் சரி, வயசும் சரி. நார்மல். மூன்று தரம் படித்தேன். பாத்ரூமில் போய் அழுதேன். எழுந்து ஆடலாம் போல இருந்தது.

அப்புறம் பக்கிரி அண்ணனுடையதைத் திறந்தேன். இரண்டு நுரையீரலிலும் தூசி படிந்த அடையாளம், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவும், மில் வேலை கூடாது என்று போட்டிருந்தது. தேதி பிப்ரவரி 18. அதற்கப்புறமும் தினமும் மூட்டை தூக்கியிருக்கிறார். இன்னும் மூன்று பேருக்கும் அதே மாதிரி எழுதியிருந்தது.

சார் பேரைத் திரும்பப் பட்டியலில் சேர்த்துவிட்டு மூடினேன். ஓனர் இடத்தில் மட்டும் என் பேர் அப்படியே நிற்கிறது.

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். தனக்கு நார்மல் என்றதும் ஒரு பெரிய மூச்சு விட்டார். உடனே, "பக்கிரிக்கு?" என்றார். சொன்னேன். பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

"நாம சொன்னா யார் சொன்னதுன்னு வருமேங்க."

"நாலு வருஷமா எனக்கு எதிர்ல நின்னு மூட்ட புடிக்கிறவன், மதி."

"வேலை போயிட்டா?"

"போவட்டும்னு சொல்ல எனக்கும் பயமாத்தான் இருக்குது."

கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். கருவேப்பிலங்குறிச்சிக்குத்தான். நான் தடுக்கவில்லை. தடுக்க நினைத்தேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

11.3.2004

பக்கிரி அண்ணன் நம்பினாராம். ஆனால் ஆஸ்பத்திரியில் காட்ட பேப்பர் வேண்டும் என்று கேட்டாராம். வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவார், நியாயம்தானே.

பதினொரு மணிக்கு சார் கூப்பிட்டார். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். உள்ளே போனால் அவர் கோபமாகவே இல்லை.

"இந்த மெடிக்கல் ஃபோல்டர்ல எதையும் சேவ் பண்ண முடியலம்மா. சிஸ்டம் மக்கர் பண்ணுது, பாரு."

நேற்று அவசரத்தில் அவருக்குப் படிக்க மட்டும் பெர்மிஷன் கொடுத்திருக்கிறேன். டெஸ்பேட்ச் ஆட்களுக்குக் கொடுத்த மாதிரி. ஒரு டிக் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சர்வருக்குப் போய் அந்த டிக்கைப் போட்டேன். திரும்ப வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து சேவ் பண்ணிக் காட்டினேன். "ஆங், வந்துட்டுது" என்று அவர் டீயை எடுத்தார். எழுந்து வந்திருந்தால் முடிந்தது. வீட்டுக்காரருக்கு நார்மல், எனக்கு வேலை, யாருக்கும் எதுவும் தெரியாது. எழுந்திருக்கத்தான் நினைத்தேன். கனகா அக்கா என் கையைப் பிடித்த இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"சார், பக்கிரி அண்ணனுக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுக்கவா?"

டீ டம்ளர் பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார், ஸ்கிரீனைப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்தினார்.

"உனக்கு யார் பெர்மிஷன் குடுத்தது?"

"யாரும் குடுக்கலீங்க சார்."

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"எங்க வூட்டுக்காரருக்கும் பக்கிரி அண்ணனுக்கும்."

டம்ளரை மேஜையில் வைத்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "பார்ட்டி வந்துட்டுப் போற வரைக்கும் வெளிய சொல்லாம தள்ளுன்னு முதலாளி சொன்னாரு. நானும் தலையாட்டிட்டேன்" என்றார். வெளியே போகச் சொன்னார்.  

12.3.2004

சார் கூப்பிடவில்லை. கேட்டில் வாட்ச்மேன் என்னைப் பார்க்கிற பார்வையே வேறயா இருக்குதா, இல்ல எனக்குத்தான் அப்புடித் தோணுதா?

13.3.2004

சாரே பிரிண்டர் பக்கத்தில் வந்து நின்றார். "நாலு பேருது மட்டும் எடு. அவங்கவங்க கையில குடு, வேற யாருக்கும் காட்டாத." எடுத்தேன். கனகா அக்கா பேப்பரை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டது. என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நார்மல் என்று சொன்ன வாய் இது, இதனோடு அக்கா எதற்குப் பேசும்?

22.3.2004

நினைத்தது நடந்தது. என்னை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இவரை ஒன்றும் செய்யவில்லை. அது போதும். போதுமா? நாள் முழுக்க வைக்கோல் திணித்துப் பெட்டி கட்டுகிறேன், சம்பளம் குறைச்சல். டெஸ்பேட்ச் ஆட்கள் இப்போது எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

14.6.2004

பக்கிரி அண்ணன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். போன மூச்சு முழுசாகத் திரும்பாதாம். இனிமேல் மில் பக்கம் போகாவிட்டால் இதோடு நிற்கும் என்றார்களாம். கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். மில்லில் தூசி அடங்கத் தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டாச்சு, முகமூடியும் கொடுத்தார்கள். இவர் அதை அரைமணி போடுவார், அப்புறம் கழுத்தில் தொங்கும். சொன்னால் சண்டை.

16.2.2005

எக்ஸ்ரே வண்டி. இந்த வருஷமும் ஜன்னலிலிருந்து பார்த்தேன், பேக்கிங் ஜன்னல்.

1.3.2005

இந்தத் தடவை ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு, மேலே பேர் எழுதி, அவரவர் கையிலேயே கொடுத்தார்கள். கோகுலகிருஷ்ணன் சார்தான் நின்று கொடுத்தாராம். இவர் பிரிக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸை வைத்தார், முகம் கழுவினார், துண்டால் துடைத்துக்கொண்டே கவரை என்னிடம் நீட்டினார்.

"நீயே பாரு மதி."

வாங்கி மடியில் வைத்திருக்கிறேன். இவர் எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் பிரிக்கவில்லை.