மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது

கல்லுமேட்டுத் தோட்டம்,
வேடசந்தூர் வழி,
4.4.2025

அன்புத் தம்பி பாஸ்கலுக்கு,

அக்கா செபாஸ்தியம்மாள் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே சுகம். சென்னையில் ஸ்டெல்லாவும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் காகிதம்.

வார இதழில் உன் கட்டுரையைப் படித்தேன். கணினியிடம் நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ தண்ணீர் செலவாகிறது என்று எழுதியிருந்தாய். பெருமையாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து அய்யம்மாளுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

"அம்புட்டுத் தண்ணியா குடிக்குது டீச்சர்? எங்க வீட்டுக்காரரு முறைத் தண்ணியவும் அதுதான் குடிச்சிருச்சோ?"

பிறகு கேட்டாள்: "ஆனா ஒண்ணு. கரண்டு போனா எங்க முறை போனது போனதுதான். ஒங்களுக்கு மட்டும் கரண்டு வந்ததும் மறுபடி ஓடுதே, அது எப்புடி?"

ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று முறை வைத்து இறைக்கும் நம் கூட்டுக் கிணற்றின் மோட்டாரைப் போனிலேயே போட்டு நிறுத்த நீ ஏற்பாடு செய்து தந்தபோது, கிணற்றுப் பங்காளிகள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாயே: "கரண்டு போனா அவங்கவங்க நேரம் போனதுதான். அடுத்தவங்க முறையில யாரும் கை வைக்க முடியாது. மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது." எல்லோரும் கை தட்டினார்கள். அப்துல் ஜப்பார் பாய் உனக்கு மாலை போட்டார்.

எனக்கு அடுத்த முறை அய்யம்மாள் வீட்டுக்காரர் தங்கமுத்துவுக்கு. அவள் கேட்டதற்கு என்ன பதில் சொல்ல?

அன்புடன்,
அக்கா


சென்னை,
11.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஸ்டெல்லா எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டாள்.

அய்யம்மாள் அக்காவுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. மனிதர்கள் கருவியைச் சந்தேகிப்பார்கள், தங்கள் பேராசையைச் சந்தேகிக்க மாட்டார்கள். உண்மையான சிக்கல் முறை அல்ல அக்கா, நிலத்தடி நீர். உங்கள் பக்கம் ஆளுக்கொரு ஆழ்துளை போட்டு உறிஞ்சுகிறார்கள். எந்த மென்பொருளாலும் இல்லாத தண்ணீரைப் பங்கு வைக்க முடியாது. தொழில்நுட்பம் நமக்கு வேகத்தைத் தந்தது, நிதானத்தைத் தரவில்லை. அடுத்த கட்டுரையே அதைப் பற்றித்தான். சொட்டுநீர் போடச் சொல். மானியம் உண்டு.

வெயிலில் அலையாதே.

உன் தம்பி,
பாஸ்கல்


கல்லுமேட்டுத் தோட்டம்,
17.4.2025

அன்புத் தம்பிக்கு,

கடிதம் என்று நீ அனுப்பிய கட்டுரை நன்றாக இருந்தது. நான் கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஜன்னல் கண்ணாடியை யார் உடைத்தது என்றால், "டீச்சர், இந்தக் கண்ணாடியே மட்டம்" என்பான். கை மட்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

போன கோடையில் தங்கமுத்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் ஏறி நின்றார். "சிக்னல் இல்லைன்னு காட்டுது டீச்சர். ஒங்க போன்ல இருக்கா?" என்று கேட்டார். என் போனில் இருந்தது. என் வாய்க்காலில் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு கம்பெனி சிம் வாங்கிப் போட்டும் அவருக்கு அதே கதைதான். தண்ணீரில்லாமல் காய்ந்துபோன, பூப்பிடித்த தக்காளியைப் பிடுங்கிப் போட்டார். என் நேரம் முடிந்தும் ஏன் ஓடுகிறது என்று நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. செடி குளிர்ந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். என் பங்குத் தப்பு அது.

உன் பங்கு என்ன?

அக்கா


சென்னை,
24.4.2025

அக்கா,

நான்தான் செய்தேன்.

மாமா இறந்து நீ தனியான வருடம் அது. நீ ஒற்றை ஆளாகத் தண்ணீர் கட்டிக்கொண்டு, கரண்டு போகும்போதெல்லாம் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்தேன். சென்னைக்குத் திரும்பி, மோட்டாரின் மென்பொருளில் உனக்கு மட்டும் இரண்டு வரி சேர்த்து எழுதினேன். உன் முறையில் கரண்டு போனால், வந்ததும் மிச்ச நேரம் உனக்கே ஓடும். அந்த நேரத்தில் அடுத்தவர் மோட்டாரைப் போட்டால் அவருக்கு என்ன காட்டுவது? "சிக்னல் இல்லை" என்று காட்டச் சொன்னேன். யாரும் சிக்னலோடு சண்டைக்குப் போக மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அவர் மேட்டில் ஏறி நின்றார் என்று படித்ததிலிருந்து கணினியைத் திறக்கவே கூசுகிறது. ஊருக்கெல்லாம் சமநீதி எழுதிய கைதான் அதையும் எழுதியது.

நேற்று அந்த வரிகளை எடுத்துவிட்டேன். இனி எல்லோருக்கும் ஒரே விதி. தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே அக்கா. இனிமேல் சரியாக நடந்தால் போதாதா?

பாஸ்கல்


கல்லுமேட்டுத் தோட்டம்,
2.5.2025

அன்புத் தம்பிக்கு,

போதாது. பிடுங்கிய செடி திரும்ப முளைக்காது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பங்காளிகளைக் கிணற்றடிக்கு வரச் சொன்னேன். உன் கடிதத்தைக் கொண்டுபோகவில்லை. நான்தான் தம்பியை நச்சரித்து அப்படிச் செய்யச் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. உன்னைப் பற்றி அவர்கள் பேசுவதை நின்று கேட்க என்னால் ஆகாது.

ஜப்பார் பாய் "நீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். தங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அய்யம்மாள்தான் நின்று கேட்டாள்: "எம்மவளுக்கு நீங்கதான டீச்சர் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீக?"

இந்தக் கோடைக்கு என் முறையைத் தங்கமுத்துவுக்கு விட்டுவிட்டேன். கத்தரி காய்கிறது. காயட்டும்.

நீ இதைப் பற்றி எங்கேயும் எழுதாதே. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

அக்கா


கல்லுமேட்டுத் தோட்டம்,
29.5.2025

பாஸ்கல்,

என் கடிதத்துக்குப் பதில் இல்லையே என்று தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று காலை தங்கமுத்து வாசலில் வந்து நின்றார். வாரக்கணக்கில் இந்தப் பக்கம் தலைகாட்டாதவர்.

"டீச்சர், நேத்து தம்பி வந்துச்சு. வரப்புலயே ஒக்காந்து எல்லாத்தையும் சொல்லுச்சு. நீங்க எதுக்குப் பொய் சொன்னீங்க?"

கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"தம்பி செஞ்சதுக்குத் தம்பிய வஞ்சேன். மூஞ்சிக்கு நேராவே வஞ்சேன், தலயக் குனிஞ்சு வாங்கிக்கிருச்சு. அது முடிஞ்சுபோச்சு. ஆனா ஒங்க பொய்ய நம்பி இம்புட்டு நாளா ஒங்களக் கண்டபடி ஏசுனேனே டீச்சர். அந்தப் பாவத்த நான் எங்க கொண்டுபோய் இறக்கி வைக்க?"

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். காபி குடித்தார். உன் மெஷினைக் கழற்றப்போவதில்லையாம். ஆனால் இனி ஒருவர் முறை ஓடும்போது அடுத்த முறைக்காரர் கிணற்றடிக்கு வந்து நிற்க வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறார்கள். நாளையிலிருந்து என் முறையை நானே ஓட்ட வேண்டுமாம். "அய்யம்மா வந்து நிப்பா, நல்லா மொறைப்பா, கண்டுக்கிராதீங்க" என்றார்.

நீ வந்தது, சொன்னது, திட்டு வாங்கியது எல்லாம் சரி. அவர் வரப்புக்கு நம் வீட்டைத் தாண்டித்தான் போயிருப்பாய். போகும்போதும் தாண்டினாய், வரும்போதும் தாண்டினாய். என் முகத்தைப் பார்க்கக் கூச்சம் என்று தங்கமுத்துவிடம் சொன்னாயாம்.

எனக்கும் உன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கதவைத் திறந்திருப்பேனடா.

அக்கா